ஜி, ஹெச், டீ, டபிள்யூ நாலும் வர்ற இங்கிலீஷ் வார்த்தை எப்படி தேடுறது? ஆப் ஒண்ணுமே இல்லைங்குது

கீழ்கோத்தகிரி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல அவங்க மிஸ் போர்டுல நாலு எழுத்து எழுதிப் போடுவாங்க, அந்த நாலும் உள்ள வர்ற மாதிரி வார்த்தை எத்தனை தெரியுதோ அத்தனை நோட்டுல எழுதணும், 10 நிமிஷம்தான் டைம், எழுத்து எந்த வரிசையில வந்தாலும் பரவால்ல, நடுவுல வேற எழுத்து எத்தனை வந்தாலும் பரவால்ல, ஆனா ஊர் பேரு ஆள் பேரு கூடாது. போன வாரம் குடுத்தது ஜி, ஹெச், டீ, டபிள்யூ. (டீன்னா நம்ம குடிக்கிற டீ-ல வர்ற டீங்க, டாக்டருக்கு முதல்ல போடற டி இல்ல. தமிழ்ல டைப் அடிச்சா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு, அதான் முதல்லயே சொல்லிடறேன்.)

இவ எழுதுனது மூணே மூணு. க்ரோத், எடைக்குப் போடற வெயிட், வாட்சிங். நாலாவதா ஹைட்னு எழுதி, அதுல டபிள்யூ எங்கன்னு மிஸ் அடிச்சு விட்டுட்டாங்க. பக்கத்து பெஞ்சு பொண்ணு 11 எழுதிருக்கா. வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக் கூட கழட்டாம கம்பளிக்குள்ள போய் ஒரே அழுகை.

சரின்னு நானும் வார்த்தை கண்டுபிடிக்கிற ஆப் ஒண்ணு டவுன்லோட் பண்ணேன். எங்க வீட்ல டவர் கிடைக்கிறது சமையல்கட்டு ஜன்னல் ஓரம் மட்டும்தான், அங்க நின்னுக்கிட்டு ரெண்டு விளம்பரத்தைப் பார்த்து முடிச்சு நாலு எழுத்தையும் போட்டா, 'வார்த்தை எதுவும் இல்லை'ங்குது. திருப்பிப் போட்டேன், மறுபடியும் இல்லை. உடனே இவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு எழுந்து உக்காந்து, பாத்தியாம்மா மிஸ்ஸே தப்பான கேள்வி குடுத்துட்டாங்கன்னு சந்தோசமா சொல்றா. அப்ப நீ எழுதுன மூணும் என்னடின்னு கேட்டா பதில் இல்ல!

ஆப் ஏன் இப்படி சொல்லுது? அது முதல் கேள்வி. ரெண்டாவது, கிளாஸ்ல போன் கிடையாது, பேப்பரும் பென்சிலும்தான், மனசுக்குள்ளயே தேடறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா? எனக்கும் இங்கிலீஷ் பன்னெண்டாவது வரைக்கும்தான், கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.


மேட்டுப்பாளையம் சிங்கிள்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய போஸ்ட்? ஏஐ சாட்பாட் கிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல 50 வார்த்தை குடுக்கும்.


கீழ்கோத்தகிரி அம்மா:

கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. பத்து குடுத்துச்சு, அதுல ஒண்ணு ஸ்ட்ரெங்த். அதுல டபிள்யூ எங்க இருக்கு? இன்னொண்ணு ஹைவே, அதுல டீ இல்ல. ரெண்டையும் என் பொண்ணேதான் கண்டுபிடிச்சா.


வெலிங்டன் கீபோர்டு:

அக்கா, ஆப் பொய் சொல்லலை. நீங்க கேட்ட கேள்வி வேற, அது பதில் சொல்ற கேள்வி வேற.

சமையல் மாதிரி நினைச்சுக்கோங்க. 'கடுகு, கறிவேப்பிலை, தக்காளி, பருப்பு இந்த நாலு மட்டும்தான் இருக்கு, என்ன செய்யலாம்'ங்கறது ஒரு கேள்வி. 'இந்த நாலும் கட்டாயம் விழணும், மத்ததெல்லாம் உன் இஷ்டம்'ங்கறது இன்னொரு கேள்வி. நீங்க போட்ட ஆப் முதல் வகை. ஸ்க்ராபிள்னு எழுத்துக் கட்டையை அடுக்கி வார்த்தை செய்யற விளையாட்டு இருக்கே, அதை ஆடறவங்களுக்காக செஞ்சது அது, கையில இருக்கற கட்டையை மட்டும் வச்சு என்ன வார்த்தை வரும்னு பார்க்கும். உங்க நாலு எழுத்துல ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒண்ணு கூட இல்ல பாருங்க, உயிரே இல்லாம வெறும் மெய்யை வச்சு வார்த்தை எங்கருந்து வரும், அதான் கையை விரிச்சிடுச்சு. உங்க மிஸ் கேட்டது ரெண்டாவது வகை. ஆப் தேடும்போது 'இந்த எழுத்துகளைக் கொண்ட' அப்படிங்கற ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, சிலதுல தனி டேப்ல ஒளிச்சு வச்சிருப்பாங்க.

மூணாவது வகையும் ஒண்ணு இருக்கு, குறுக்கெழுத்து மாதிரி, மூணாவது கட்டத்துல ஜி, அஞ்சாவதுல டீ-ன்னு இடம் குறிச்சுக் கேக்கறது. வேர்டில்னு மறைச்சு வச்ச இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஆடியிருக்கீங்களா? 2021-ல ஜாஷ் வார்டில்னு ஒருத்தர் வெளியிட்டது, அடுத்த வருசமே நியூயார்க் டைம்ஸ் வாங்கிடுச்சு. அதுல மஞ்சள் கட்டம் வந்தா 'எழுத்து உள்ள இருக்கு, ஆனா இந்த இடத்துல இல்ல', பச்சை வந்தா 'இதே இடம்'. உங்க மிஸ் குடுக்கறது நாலு மஞ்சள் கட்டம், வார்த்தை எவ்வளவு நீளம்னும் தெரியாது, அவ்வளவுதான்.

சாட்பாட் தப்பு விடறதும் ஆச்சரியமில்ல. அதுங்க வார்த்தையை எழுத்து எழுத்தா பார்க்கிறதில்ல, துண்டு துண்டா வெட்டி அந்தத் துண்டுக்கு ஒரு நம்பர் போட்டுதான் உள்ள வாங்கிக்குது. ஸ்ட்ரெங்த் உள்ள போகும்போது அதுல எத்தனை எழுத்து இருக்குன்னு அதுக்கு நேரா தெரியாது. அதனாலதான் உங்க பாப்பாவே அதைத் திருத்த முடிஞ்சுது.

லேப்டாப் இருந்தா இன்னும் சுலபம். லினக்ஸ், மேக் ரெண்டுலயும் வெறும் வார்த்தைங்களா வரிக்கு ஒண்ணா அடுக்கின ஃபைல் இருக்கும், மேக்ல இருக்கறதுல 2 லட்சத்துக்கு மேல வார்த்தை, சில லினக்ஸ்ல மட்டும் நாமளே இறக்கிக்கணும். கிரெப்னு ஒரு கமாண்ட், யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதின கென் தாம்ப்சன் 1970கள்ல செஞ்சது, அது ஒரு சல்லடை. முதல்ல ஜி இருக்கற வரியை மட்டும் சலிச்சு எடு, அதுல மிஞ்சினதை ஹெச் சல்லடையில போடு, அப்புறம் டீ, அப்புறம் டபிள்யூ. நாலு சல்லடை தாண்டி கீழ விழறதுதான் உங்க பதில். ஒரு சின்ன டிப், அபூர்வமான எழுத்தை முதல்ல சலிச்சா வேலை சீக்கிரம் முடியும், இங்க டபிள்யூ-வை முன்னாடி போடணும், டீ கடைசியில. கம்ப்யூட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்ல, ஆனா மனசுக்குள்ள தேடறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

பேப்பர் பென்சில் வழியை வேற யாராச்சும் சொல்லுங்க, நான் ஸ்கூல்ல இங்கிலீஷ்ல 41 மார்க் வாங்குன ஆளு.


பூம்பாறை பூண்டு:

அம்மா, நான் ரிட்டயர் ஆன இங்கிலீஷ் வாத்தியார், இப்ப கொடைக்கானல் பக்கம் ரெண்டு பாத்தி மலைப்பூண்டு போட்டுக்கிட்டு சும்மா இருக்கேன். உங்க கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுன்னு இருந்துச்சு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பாப்பா எங்க மாட்டிக்கிட்டான்னு நினைக்கிறேன்னா, அவ காதால தேடியிருக்கா. நம்ம பிள்ளைங்க எல்லாருமே அப்படித்தான், ஏன்னா தமிழ்ல எழுதுனதை அப்படியே வாசிச்சுடலாம், எழுதி வச்சுட்டு உச்சரிக்காம விடற எழுத்துன்னு நம்மகிட்ட ஏது? இங்கிலீஷ்ல அப்படி இல்ல. எடைக்கு உள்ள வெயிட்டை வாயால சொல்லிப் பாருங்க. வ-வும் ட்-டும்தான் காதுல விழுது, ஜி-யும் ஹெச்சும் நடுவுல வாயைத் திறக்காம உக்காந்திருக்கு. இன்னும் மோசம் நாடகம் எழுதறவருக்கு உள்ள வார்த்தை, ப்ளேரைட். அந்த ரைட்டுக்கு ஸ்பெல்லிங் டபிள்யூ, ஆர், ஐ, ஜி, ஹெச், டீ. உங்க மிஸ் குடுத்த நாலுல டீ ஒண்ணுதான் காதுக்குக் கேக்குது, மத்த மூணும் ஊமை! காதால தேடற பிள்ளைக்கு இந்த வார்த்தை ஆயுசுக்கும் கிடைக்காது. (இதை எழுதறவர்னு நினைச்சு டபிள்யூ ஆர் ஐ டீ ஈ போட்டு எழுதற பெரியவங்களே இருக்காங்க. அது தப்பு. இந்த ரைட்டுக்கு செய்யறவர், வேலைக்காரர்னு அர்த்தம், கப்பல் கட்டறவர் ஷிப்ரைட், சக்கரம் செய்யற ஆசாரி வீல்ரைட். மூணையும் எழுதச் சொல்லுங்க, மூணு மார்க்.)

அந்த ஜி-ஹெச் சும்மா வந்து ஒட்டிக்கல. பழைய காலத்துல அதுக்கு சத்தம் இருந்துச்சு, தொண்டையில உரசற மாதிரி, ஏறக்குறைய நம்ம ஆய்தம் போல. ராத்திரிக்கு உள்ள நைட்டை அன்னைக்கு அந்த உரசலோட சொல்லியிருக்காங்க. ஜெர்மன்காரங்க இன்னைக்கும் ராத்திரிக்கு நாஹ்ட், வெளிச்சத்துக்கு லிஹ்ட்னுதான் சொல்றாங்க. இங்கிலீஷ்காரங்க வாய்ல அந்த சத்தம் தேஞ்சு போச்சு, அதுக்குள்ள ஸ்பெல்லிங் அச்சுல ஏறி உறைஞ்சு போச்சு. அதனால ஜி-யும் ஹெச்சும் டீ-யும் ஒண்ணா குடுத்தாங்கன்னா 'ஐ-ஜி-ஹெச்-டீ' வாலு உடனே ஞாபகத்துக்கு வரணும். நைட், லைட், ரைட், ஃபைட், வெயிட். இப்ப மிச்சம் டபிள்யூ ஒண்ணுதான், அதை வெளிய இருந்து ஒட்ட வைக்கலாம். நைட்கவுன், நைட்வியர், லைட்வெயிட், ஓவர்வெயிட், பேப்பர்வெயிட். தபதபன்னு விழுதா இல்லையா?

அடுத்தது ஐ-என்-ஜி வால். இது இங்கிலீஷ்ல நமக்கு ஓசியில கிடைக்கற ஜி. எந்த வினைச்சொல்லுக்கும் பின்னாடி போட்டுக்கலாம். அப்ப நாலு எழுத்து தேட வேண்டியதில்ல, ஹெச், டீ, டபிள்யூ மூணு இருக்கற வினைச்சொல்லைத் தேடினா போதும். பாப்பா வாட்சிங் எழுதியிருக்கா பாருங்க, கதவைத் தொறந்துட்டு உள்ள போகாம திரும்பி வந்திருக்கா! த்ரோ, ஸ்விட்ச், விசில், தா (பனி உருகறது), விதர் (வாடறது), வித்ட்ரா, ட்விட்ச், த்வார்ட் எல்லாத்துலயும் அந்த மூணும் இருக்கு, எல்லாத்துக்கும் பின்னாடி இங் போட்டுடலாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற வைட்வாஷிங் கூட வரும். ஆனா வெறும் வாஷிங்ல டீ இல்ல, ஜாக்கிரதை.

மூணாவது, கிடைச்ச வார்த்தையை சும்மா விடாதீங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஏதாச்சும் ஒட்டுதான்னு பாருங்க. க்ரோத் எழுதினாளே, அதுக்கு முன்னாடி அண்டர் போட்டா அண்டர்க்ரோத், நம்ம சோலைக்காட்டுல பெரிய மரத்துக்குக் கீழ அடர்ந்து கிடக்குற புதர். ஓவர்க்ரோத், அவுட்க்ரோத், இன்க்ரோத் எல்லாமே அகராதியில இருக்கு.

இப்படி மூணு கொத்தா பிரிச்சுத் தேடினா பத்து நிமிஷத்துல 15 தாராளமா எழுதலாம். எழுத்தை ஒண்ணொண்ணா துரத்தாதீங்க, எது எதோட சேர்ந்து திரியுதோ அந்தக் கூட்டத்தைப் பிடிங்க. ஹெச்சைத் தனியா விடாதீங்க, அது சி, எஸ், டீ, டபிள்யூ, ஜி, பீ இவங்களோடதான் பெரும்பாலும் சுத்தும்.


வெலிங்டன் கீபோர்டு:

சார் செம. நான் இப்ப லேப்டாப்ல சலிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்னது எல்லாம் இருக்கு. நீங்க விட்டதுல மூணு சொல்றேன், வாட்ச்டாக், லெங்த்வைஸ், அப்புறம் இரும்பைப் பத்தி பேசும்போது வருமே 'ராட்', டபிள்யூ ஆர் ஓ யூ ஜி ஹெச் டீ.


பூம்பாறை பூண்டு:

லெங்த்வைஸ் எனக்குத் தோணவே இல்ல! அது எந்த வாலுலயும் சேராம நடுவுல பிரிஞ்சு கிடக்கு. நல்லா சலிச்சீங்க தம்பி.


கேத்தி கேரட்:

நான் படிச்சது எட்டாவது, ஆனா இந்த விசயத்துல எனக்கும் ஒண்ணு தெரியும் சொல்லலாமா. எங்க வீட்ல பையன் ஒருத்தன் கால்நடை சம்பந்தமா டிப்ளமோ படிக்கிறான், அவன்தான் இதைக் கிளப்பி விட்டான்.

ரெண்டு வருசம் முன்ன, மார்கழி, நல்ல உறைபனி. எங்க மாடு கயித்தை அறுத்துக்கிட்டுப் போய் பக்கத்துக் காட்டுல அறுவடை முடிஞ்சு கிடந்த முட்டைக்கோசு இலையை வயிறு முட்ட மேஞ்சிருக்கு. ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தா வயிறு இடது பக்கம் பம்முனு ஏறி நிக்குது, தட்டுனா தவில் மாதிரி சத்தம், மூச்சு வாங்குது. எண்ணெய் ஊத்துனோம், நடக்க வச்சோம், ஒண்ணும் கேக்கல. கடைசியில டாக்டர் வந்து பைக்குள்ளருந்து ஒரு சாமான் எடுத்தாரு, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல, முனை மூணு பட்டையா கூரா இருக்கு, மேல ஒரு குழாய் உறை மாட்டியிருக்கு. இடுப்பு எலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவுல இடது பக்கக் குழியில வச்சு ஒரே குத்து, கூரை உருவி எடுத்துட்டு குழாயை மட்டும் உள்ள விட்டாரு. புஸ்ஸ்ஸுனு காத்து வந்துச்சு பாருங்க, பிரஷர் குக்கர் தோத்துடும், நாத்தம் வேற! கால் மணி நேரத்துல மாடு தலையைத் தூக்கிருச்சு.

அந்த சாமானுக்குப் பேரு ட்ரோகார். இதை எதுக்கு சொல்றேன்னா, போன மாசம் கேரட் மூட்டை லாரி ஏத்திட்டு சும்மா உக்காந்திருக்கும்போது பையன் மூட்டை மேல இங்கிலீஷ்ல கேரட்டுனு எழுதியிருக்கறதையே பார்த்துக்கிட்டிருந்தவன், அப்பா இதுல இருக்கற ஆறு எழுத்தையும் கலைச்சுப் போட்டா அன்னைக்கு டாக்டர் குத்துனது வருதுன்னான். நம்பல. அவன் எழுதிக் காட்டுனான். கேரட்டு சி, ஏ, ஆர், ஆர், ஓ, டீ. ட்ரோகார் டீ, ஆர், ஓ, சி, ஏ, ஆர். ஒரு எழுத்து கூடல, ஒரு எழுத்து குறையல. நாப்பது வருசமா கேரட்டு போடறேன், அதுக்குள்ள இது ஒளிஞ்சிருந்தது தெரியாமப் போச்சே.

பாப்பாக்கு இது உதவுமோ என்னமோ. படிச்சதும் சொல்லணும்போல இருந்துச்சு.


வெலிங்டன் கீபோர்டு:

அண்ணா இது உதவாம என்ன! இது நாலாவது வகை, அதே எழுத்து அத்தனையும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. அனகிராம்னு சொல்வாங்க. இதைக் கம்ப்யூட்டர் எப்படித் தேடுதுன்னு சொன்னா உங்க பையனுக்குப் பிடிக்கும்.

ஆறு எழுத்தை வேற வேற வரிசையில அடுக்கிப் பார்த்து ஒவ்வொண்ணும் வார்த்தையான்னு தேடறது முட்டாள்தனம். எல்லாம் வேற வேற எழுத்தா இருந்தா ஆறுக்கு 720 வரிசை, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320, பத்துக்கு 36 லட்சத்தைத் தாண்டிடும். அதுக்குப் பதிலா வார்த்தையில இருக்கற எழுத்தையெல்லாம் ஏ-லருந்து இஸட் வரிசையில அடுக்கிடணும். கேரட்டை அடுக்கினா ஏ, சி, ஓ, ஆர், ஆர், டீ. ட்ரோகாரை அடுக்கினாலும் அதேதான். அகராதியில இருக்கற எல்லா வார்த்தைக்கும் இந்த மாதிரி ஒரு அடுக்கு விலாசம் எழுதி வச்சுட்டா, ஒரே விலாசத்துல குடியிருக்கறவங்க எல்லாம் ஒரே எழுத்துக்காரங்க. நீங்க சந்தைக்குப் போகும்போது கேரட்டை சைஸ் வாரியா பிரிச்சு வைக்கிறீங்கல்ல, அதே வேலை. ஸ்க்ராபிள் சீரியஸா ஆடறவங்க இதை அல்ஃபாகிராம்னு சொல்லி இப்படித்தான் மனப்பாடமே பண்றாங்க.

எந்த எழுத்து அபூர்வம்னு முன்னாடி சொன்னேன்ல, அதுக்கும் ஸ்க்ராபிள்தான் நல்ல அளவுகோல். அமெரிக்காவுல ஆல்ஃப்ரெட் பட்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1930கள்ல வேலை இல்லாத காலத்துல, பேப்பர்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு உக்காந்து எண்ணி இந்த விளையாட்டை செஞ்சாரு. மொத்தம் 100 கட்டை, அதுல ஈ மட்டும் 12, டீ 6, ஜி 3, ஹெச்சும் டபிள்யூ-வும் ரெண்டு ரெண்டுதான். க்யூவும் இஸட்டும் ஒண்ணு ஒண்ணு, ஆனா 10 பாயின்ட். பாப்பாக்கு நாலு எழுத்து குடுத்தா அதுல எது பாயின்ட் அதிகமோ அதுலருந்து தேட ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஈ-ல ஆரம்பிச்சா கடல்ல மீன் பிடிக்கப் போன மாதிரி.


பூம்பாறை பூண்டு:

கேரட் தம்பி, உங்க மாட்டுக் கதை பிரமாதம். நானும் கிளாஸ்ல ஊர் பேரை வச்சுதான் இதைச் சொல்லித் தருவேன். இங்கிலீஷ்ல கொடைக்கானல்னு போர்டுல எழுதிட்டு, இதுக்குள்ள ஒரு மிருகம் இருக்கு கண்டுபிடிங்கடான்னு சொல்லுவேன். ஆளாளுக்கு மாடு, நரின்னு கத்துவானுங்க. கடைசியில எவனாச்சும் ஒருத்தன் கோலான்னு சொல்லுவான். கே, ஓ, ஏ, எல், ஏ. அஞ்சும் நம்ம ஊர் பேருல இருக்கு, ஏ மூணு தடவை வருதே! கோலா எதைத் தின்னு வாழுதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளிய தைல மரத்தைக் காட்டுவேன். அந்த மரமும் ஆஸ்திரேலியாவுலருந்து வந்ததுதான், கோலாவும் அந்த ஊருதான், மரத்தைக் கொண்டுவந்து நட்டவங்க அதைத் தின்னறதை அங்கயே விட்டுட்டாங்கன்னு சொன்னா கிளாஸே சிரிக்கும்.

அதே பேருலருந்து பழைய கேமரா கம்பெனி கோடாக் வரும், அலாஸ்காவுல இருக்கற பெரிய கரடியோட பேரு கோடியாக்கும் வரும். நீலகிரிக்காரங்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்ல, நீலகிரிஸ்னு எழுதினா ரைசிங், ரிங்ஸ், கேர்ள்ஸ் அப்படித்தான் ஏதோ வரும். ஆனா சோலைக்கு இங்கிலீஷ்ல ஷோலான்னு எழுதறாங்களே, அதைக் கலைச்சா ஷோல், மீன் கூட்டம். அதுல நாங்களும் நீங்களும் பங்காளிங்க.

இன்னொண்ணு. அஞ்சு உயிரெழுத்தும் ஒவ்வொரு தடவை மட்டும் வர்ற வார்த்தை எதுன்னு கேட்டா எல்லாரும் எஜுகேஷன்தான் சொல்வாங்க. உங்க பக்கத்துத் தோட்டத்துல இருக்கே காலிஃபிளவர், அதுலயும் அஞ்சும் இருக்கு. எண்ணிப் பாருங்க.


மேட்டுப்பாளையம் சிங்கிள்:

எண்ணிட்டேன். இருக்கு. சாரி சார் சாரி அக்கா, முதல்ல நான் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன். மண்டியில தினம் 200 மூட்டை காலிஃபிளவர் பார்க்கறேன், இதைக் கவனிச்சதே இல்ல.


கீழ்கோத்தகிரி அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு நாளா இங்க மழை, கரண்டும் இல்ல டவரும் இல்ல, அதான் பதில் போட லேட்டாயிடுச்சு. நீங்க எழுதினதையெல்லாம் அன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டேன், மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். வாலைப் பிடிக்கிறது அவளுக்கு டக்குனு புரிஞ்சுது. ப்ளேரைட் ஸ்பெல்லிங்கைப் பார்த்துட்டு 'இத்தனை பேரு பேசாம இருக்கறதுக்கு எதுக்கும்மா வந்தாங்க'ன்னு கேட்டா, எனக்கு பதில் தெரியல, சார் சொன்ன ஆய்தக் கதையைச் சொன்னேன். ட்ரோகார் கதையை மட்டும் மூணு தடவை படிக்கச் சொன்னா, அந்த புஸ்ஸ் வர்ற இடம் வந்ததும் சிரிப்பு தாங்கல.

நேத்து வெள்ளி. மிஸ் குடுத்தது சி, கே, பீ, யூ. (பீ-ன்னா பென்சில்ல வர்றது. பால்ல வர்றதுன்னு எழுத வந்தேன், அப்புறம்தான் தோணுச்சு, தமிழ்ல பால் ரெண்டு விதமா இருக்கேன்னு!) இவ நோட்டுல முதல்ல வார்த்தையே எழுதலையாம், சி-யையும் கே-யையும் சேர்த்து ஒரு வட்டம், யூ-வையும் பீ-யையும் சேர்த்து 'அப்'னு ஒரு வட்டம். அப்புறம் ரெண்டையும் ஒட்டிக்கிட்டே போயிருக்கா. பேக்கப், செக்கப், லாக்கப். எங்க வீட்டு வழியா தினம் காலையில கொழுந்து மூட்டை ஏத்த வர்ற வண்டியை நாங்க பிக்கப்னுதான் சொல்றோம், அது இங்கிலீஷ் வார்த்தைன்னே இவளுக்கு அன்னைக்குத்தான் உறைச்சிருக்கு, அதையும் எழுதிட்டா. அப்புறம் கப்கேக். அப்புறம் எங்க மாமியார் எஸ்டேட்ல 30 வருசம் கொழுந்து எடுத்தவங்க, அவங்க வாய்ல எப்பவும் ப்ளக்கிங் ப்ளக்கிங்னுதான் வரும், அந்த ப்ளக்கையும் எழுதி பக்கத்துலயே இங் போட்டு இன்னொண்ணாக்கிட்டா, அதை மட்டும் மிஸ் ஒண்ணாதான் எண்ணுவேன்னு சொல்லிட்டாங்களாம். இன்னும் சிலதும் சேர்த்து மொத்தம் ஒம்பது. பக்கத்து பெஞ்சு பொண்ணு எட்டு.

அந்தப் பொண்ணு பக்கெட்னு எழுதியிருந்தாளாம், அதுல பீ இல்லன்னு இவதான் சொன்னாளாம். சண்டை வேற. பக்கெட்டுக்கு முன்னாடி வர்ற பி வேற இந்த பீ வேறன்னு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கத்திக்கிட்டே வந்திருக்காங்க.


வெலிங்டன் கீபோர்டு:

சூப்பர் அக்கா! ஆனா ஆசையில நானும் சலிச்சுப் பார்த்தேன். அன்பேக்கை விட்டுட்டா பாருங்க. அதை விட பெரிசு, கெட்சப்பை விட்டுட்டாளே? கே, ஈ, டீ, சி, ஹெச், யூ, பீ. நாலும் இருக்கு. சி-கே சேர்ந்துதான் வரும்னு வட்டம் போட்டதால கண்ணுல படாமப் போயிருக்கும், இதுல கே முன்னாடி போய் நிக்குது, சி நடுவுல நிக்குது.


பூம்பாறை பூண்டு:

அதுக்கு நான்தான் பொறுப்பு. கூட்டத்தைப் பிடின்னு சொன்னேன், கூட்டத்துல சேராததும் இருக்கும், கடைசி ரெண்டு நிமிஷம் அதுக்குன்னு ஒதுக்குன்னு சொல்ல மறந்துட்டேன். லெங்த்வைஸ்ல நானே அப்படித்தானே ஏமாந்தேன். பாப்பா கிட்ட சொல்லிடுங்கம்மா.


கீழ்கோத்தகிரி அம்மா:

சொன்னேன் சார். ஒரு நிமிஷம் பேசாம இருந்தா. அப்புறம் எந்திரிச்சுப் போய் சமையல்கட்டு அலமாரியிலருந்து கெட்சப் பாட்டிலை எடுத்துட்டு வந்து, லேபிளை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை டிபனுக்கு பிரெட்டோட இதைத்தாம்மா நீ வச்சு விட்டேங்கறா.